தோல் ஷாப்பில் சருமம் பார்ப்பது எப்படி: களத்துக்குப் போகும் ஆய்வாளர்களுக்கு

முதலில் ஒரு சொல் தகராறைத் தீர்த்துக்கொள்வோம். வட ஆற்காட்டில் ‘தோல்’ என்றால் ஆட்டுத்தோல், மாட்டுத்தோல். ‘தோல் நோய்’ பற்றிக் கேட்க வந்திருக்கிறோம் என்று ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ சொன்னால், சரக்கில் என்ன குறை என்றுதான் மேஸ்திரி கேட்பார். அதனால் இங்கே ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் டேனரியில், பதனிடுவது தோல், ஆள்மேல் இருப்பது சருமம்.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் கை வெடித்து, அரித்து, கசிந்து வருபவரைப் பார்த்தவுடன் ‘குரோம் அலர்ஜி’ (தோல் பதனிடப் போடும் குரோமியம் உப்பால் வரும் ஒவ்வாமை) என்று எழுதிவிடும் பழக்கம் உண்டு. பாதி நேரம் அது தவறு. சுண்ணாம்பு, சல்ஃபைடு, சோப்புத்தூள், தின்னர், கையுறைக்குள் தேங்கும் வியர்வை எல்லாமே குரோமுக்கு முன்பே கையைக் கெடுத்துவிடக் கூடியவை. காரணத்தைத் தவறாக எழுதினால் தீர்வும் தவறிப்போகும். குரோம் அலர்ஜி என்று எழுதப்பட்டவர் வேலையை இழப்பார், சோப்புத்தூள் வாளி அதே இடத்தில் இருக்கும். ஆகவே கையைப் பார்ப்பதற்கு முன் வேலையைப் பாருங்கள்.

ஷாப்பை ஈரத்திலிருந்து உலர்வு நோக்கி நடந்து பாருங்கள்

பச்சைத்தோல் இறங்கும் இடத்தில் தொடங்கி, பெட்டி கட்டும் இடம்வரை ஒரு முழு ஷிஃப்ட் நடக்க வேண்டும். ஆபீஸில் தரும் ரசாயனப் பட்டியலை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். ட்ரம் பக்கத்தில் கிடக்கும் காலி மூட்டை, பிளாஸ்டிக் டப்பா லேபிள்களைப் போட்டோ எடுங்கள். பட்டியலில் இல்லாத நாலு பெயராவது அங்கே கிடைக்கும்.

கையில் எடுத்துப்போக வேண்டியவற்றில் மிக மலிவானது பி.எச். தாள்: எண் குறைந்தால் அமிலம், கூடினால் காரம். அதிகம் பேசுவதும் அதுதான். சுண்ணாம்புத் தொட்டியில் அது 12 முதல் 12.5 காட்டும். உப்பும் கந்தக அமிலமும் போட்ட பிக்கிள் தண்ணீரில் 3-ஐ ஒட்டி இறங்கும். குரோம் ஏற்றி, சோடா போட்டு முடிக்கும்போது 3.8 முதல் 4-க்கு வரும். ஆரோக்கியமான சருமம் 5-ஐ ஒட்டி நிற்கும். ஒரே ஆள் காலையில் சுண்ணாம்பிலும் மதியம் பிக்கிளிலும் கை வைத்தால் அந்தச் சருமம் எத்தனை தூரம் இழுபடுகிறது என்பதைத் தாளே சொல்லிவிடும். கையுறையைக் கழற்றச் சொல்லி, உட்பக்கத்தில் ஒரு சொட்டுக் காய்ச்சி வடித்த தண்ணீர் விட்டுத் தாளை ஒற்றிப் பாருங்கள். நீலமாக மாறினால் சுண்ணாம்பு உள்ளே புகுந்திருக்கிறது. கையுறை இருந்தும் கை ஏன் வெந்தது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

ஒவ்வொரு இடத்திலும் மூன்று விஷயங்களைக் கடிகாரம் வைத்துக் குறியுங்கள்: கை ஈரமாக இருந்த நேரம், கையுறைக்குள் இருந்த நேரம், கை கழுவிய தடவைகள். ஒரு நாளில் 2 மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்திலோ நீர்புகாக் கையுறையிலோ இருந்தால், அல்லது 20 தடவைக்கு மேல் கை கழுவினால், அது ‘ஈர வேலை’. ரசாயனம் எதுவும் இல்லாமலேயே அந்த அளவு ஈரம் கையைக் கெடுக்கும். எதைக் கொண்டு கழுவுகிறார்கள் என்பதையும் பாருங்கள். சாயம் போக ப்ளீச்சிங் பவுடர், பிசின் போக தின்னர், மற்றதுக்குத் துணி துவைக்கும் பவுடர் என்றிருக்கும். கேட்டால் ‘கை சுத்தமா இருக்கணும்ல’ என்பார்கள். நியாயம்தான். கறைபட்ட கையோடு வீட்டில் சோறு பிசைய யாருக்கு மனம் வரும்? அதனால் கழுவாதீர்கள் என்று சொல்லிவிட்டு வருவதில் பயனில்லை, கழுவ வேறு பொருள் கொடுக்க வேண்டும்.

கை எந்தப் பிரிவைக் காட்டுகிறது

ஈரப் பிரிவில் வேலை செய்பவரின் விரல்நுனி மழுங்கி, பளபளத்து, நகம் மெத்தென்று இருக்கும். மயிரைக் கரைக்கவே போடுவது சோடியம் சல்ஃபைடு. மயிரும் நகமும் சருமத்தின் மேலடுக்கும் கெரட்டின் என்ற ஒரே புரதத்தால் ஆனவை, சல்ஃபைடுக்கு ஆட்டு மயிர், ஆள் நகம் என்ற பேதம் தெரியாது. இங்கே ஒரு கேள்வி நன்றாக வேலை செய்யும்: ‘அண்ணா, ரேஷன் கடை மிஷின்ல ரேகை விழுதா?’ விழவில்லை என்றால் மேலடுக்கு தேய்ந்திருக்கலாம். அரிப்பு இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பவர்கூட இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வார்.

குரோம் ட்ரம்மில் நிற்பவருக்குப் புறங்கை, விரல் இடுக்கு, மணிக்கட்டு, முன்கையில் தெறிக்கும் இடம் என்று பாருங்கள். குரோம் புண் வேறு, குரோம் ஒவ்வாமை வேறு. புண் என்பது துளைக் கருவியால் குத்தினதுபோல் வட்டமாக, விளிம்பு தடித்து, அவ்வளவாக வலிக்காமல் இருக்கும்; பெரும்பாலும் ஏற்கெனவே கீறல் இருந்த இடத்தில், விரல் மூட்டின்மேல் வரும். இது ஆறு இணைதிறன் குரோமியத்தின், அதாவது குரோமியத்தின் கடுமையான வடிவத்தின் வேலை. இன்றைய ஷாப்புகளில் போடும் பேசிக் குரோமியம் சல்ஃபேட் மூன்று இணைதிறன் கொண்டது. ஆகவே டேனரியில் அசல் குரோம் புண்ணைப் பார்த்தால் எங்கிருந்து வந்தது என்று தேடத்தான் வேண்டும். முலாம் பூசும் பட்டறை, குரோமேட் ஆலை என்று பழைய வேலை எதுவும் உண்டா? கேளுங்கள். அதே குரோமியம் மூக்கின் நடுத்தண்டையும் துளைக்கும்; டார்ச் அடித்துப் பாருங்கள், ஓட்டை இருந்தால் கதை பழையது.

பஃபிங் (தோலைத் தேய்த்து மழமழப்பாக்குவது) தூசு கழுத்து, முழங்கை மடிப்பு, இடுப்புக் கச்சை ஓரத்தில் சேரும். ஸ்ப்ரே பிரிவில் இமை வீங்கும். ஷூ கம்பெனியில் பசை தடவும் பெண்களுக்குப் பெருவிரல், சுட்டுவிரல் நுனி வெடிக்கும். நியோப்ரீன் பசையில் இருக்கும் பி-டெர்ஷியரி-பியூட்டைல்ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பிசின் ஒவ்வாமைக்குப் பேர்போனது. அதே குடும்பத்தின் பியூட்டைல்ஃபீனால் வெண்புள்ளியையும் உண்டாக்கும். விரலில் மிளகளவு வெள்ளைப் பொட்டுகள் கூட்டமாக இருந்தால் பரம்பரை வெண்புள்ளி என்று தள்ளிவிடாதீர்கள். ரசாயனத்தால் வரும் வெண்புள்ளி மருத்துவ ஏட்டில் பதிவானதே டேனரி ஆட்களிடம்தான். 1939-இல் அமெரிக்காவில், ரப்பர் கையுறையில் சேர்த்திருந்த மோனோபென்சைல் ஈதர் ஆஃப் ஹைட்ரோகுயினோன் என்ற ரசாயனம் அவர்கள் கையை வெளுக்க வைத்தது. காக்க மாட்டிய கையுறையே கெடுத்த கதை அது, இன்றும் வேறு ரூபத்தில் தொடர்கிறது.

ஷாப்புக்கு வெளியே உள்ள குற்றவாளிகள்

படர்தாமரை: ஓரம் சிவந்து நடு தெளிந்திருக்கும் வட்டம். ஆனால் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய, ஸ்டீராய்டு கலந்த ‘மூணு மருந்து’ க்ரீமைப் பூசியிருந்தால் அந்த வட்டமே குலைந்து எக்சிமா (கரப்பான்) மாதிரி தெரியும். ஓரத்தைச் சுரண்டி 10 சதவீதம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வைத்து நுண்ணோக்கியில் பார்க்காமல் முடிவு எழுத வேண்டாம்.

பார்த்தீனியம்: பாலாற்றுக் கரையிலும் காலி மனைகளிலும் இது செழித்துக் கிடக்கிறது. முகம், இமை, கழுத்து, முழங்கை மடிப்பில் வரும் அரிப்பு, பஃபிங் தூசோடு அப்படியே குழம்பும். வேலைக்கு வராத பத்து நாளிலும் குறையவில்லை என்றால் செடியைச் சந்தேகியுங்கள்.

சிமெண்ட்: ஷாப்பில் வேலை இல்லாத மாதங்களில் கொத்து வேலைக்குப் போகிறவர்கள் நிறைய. சிமெண்டிலும் ஆறு இணைதிறன் குரோமியம் உண்டு. குரோம் ஒவ்வாமை உறுதியானாலும் அது டேனரியில் பிடித்ததா, சாந்துச் சட்டியில் பிடித்ததா என்பது தனிக் கேள்வி. சொறிசிரங்கையும் மறக்க வேண்டாம். விரலிடுக்கில் அரிப்பு, இரவில் அதிகம், வீட்டில் மற்றவருக்கும் இருக்கிறது என்றால் அதுதான்.

இந்தப் பகுதியில் விடவே கூடாத ஒன்று: வெளிறிய தேமல் இருந்தால் பஞ்சு நுனியால் தொட்டுப் பாருங்கள். உணர்ச்சி இல்லை என்றால், அல்லது சுண்ணாம்பு சுட்டதே தெரியவில்லை என்று ஒருவர் சொன்னால், அது தொழில் நோய் ஆய்வின் எல்லைக்கு வெளியே போய்விட்டது. தொழுநோய்க்கான பரிசோதனைக்கு அன்றே அனுப்புங்கள். 1955-லிருந்து அந்த வேலையைச் செய்யும் கரிகிரி தொழுநோய் மருத்துவமனை, வேலூரிலிருந்து கூப்பிடு தூரம்தான்.

கேள்வித்தாள், மதிப்பெண்

புதிதாகக் கேள்வித்தாள் எழுத உட்காராதீர்கள். தொழில்சார் சரும நோய்க்கென்றே 2002-இல் வந்த நார்டிக் (வட ஐரோப்பிய) கேள்வித்தாளை எடுத்து, இங்குள்ள பேச்சுக்குக் கொண்டுவாருங்கள். தமிழ் மட்டும் போதாது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரத்தில் உருது பேசுவோர் இருக்கிறார்கள்; வடமாநிலத்து இளைஞர்களுக்கு இந்தி வேண்டும். ‘எக்சிமா’ என்று கேட்டால் யாரும் ஆமாம் சொல்ல மாட்டார்கள். ‘கரப்பான்’, ‘வெடிப்பு’, ‘நீர்க்கொப்புளம்’, ‘ஊறல்’ என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

மிகப் பெரிய கேள்வி இது: ‘லீவு நாள்ல கை எப்படி இருக்கும்?’ ஞாயிறு ஒரு நாள் போதாது. பொங்கல், ரம்ஜான் போன்ற நீண்ட விடுமுறையில் என்ன ஆனது என்று கேளுங்கள். வேலை விட்டால் ஆறுவதும், திரும்பினால் கிளம்புவதும் தொழில் தொடர்புக்கு நல்ல சான்று. இதோடு சரும மருத்துவர் மத்தியாஸ் 1989-இல் வகுத்த ஏழு கேள்விகளைச் சேர்த்துப் பாருங்கள்: தோற்றம் தொடுஅழற்சிபோல் (பொருள் பட்டு வரும் சரும அழற்சி) இருக்கிறதா, வேலையிடத்தில் அதை உண்டாக்கும் பொருள் இருக்கிறதா, புண் இருக்கும் இடமும் படும் இடமும் ஒத்துப்போகிறதா, பட்ட காலமும் வந்த காலமும் பொருந்துகிறதா, வேலைக்கு வெளியே வேறு காரணம் இல்லையா, விலகினால் குறைகிறதா, ஒட்டுச் சோதனையோ (சந்தேகப் பொருளை முதுகில் ஒட்டிப் பார்ப்பது) மீண்டும் பட வைத்ததோ காரணத்தைக் காட்டியதா. ஏழில் நாலு ஆமாம் என்றால் தொழில் காரணம் என்று எழுதலாம்.

தீவிரத்துக்கு, கை எக்சிமாவை அளக்கும் ஹெக்சி (HECSI) மதிப்பெண் போதும். விரல்நுனி, விரல், உள்ளங்கை, புறங்கை, மணிக்கட்டு என ஐந்து இடம். சிவப்பு, தடிப்பு, கொப்புளம், வெடிப்பு, செதில், வீக்கம் ஆகிய ஆறுக்கும் இடத்துக்கு இடம் 0 முதல் 3. அந்தக் கூட்டலைப் பரப்புக்கான 0 முதல் 4-ஆல் பெருக்கி, ஐந்து இடத்தையும் சேர்த்தால் உச்சம் 360. ஒரு எச்சரிக்கை: நம் நிறத்தில் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. கருஞ்சிவப்பாக, சாம்பல் கலந்த ஊதாவாகத் தெரியும். பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள், விரலால் தடவித் தடிப்பை உணருங்கள். இல்லையென்றால் மதிப்பெண் எல்லாமே குறைவாகத்தான் விழும்.

மேஸ்திரி பக்கத்தில் நிற்கும்போது யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். ஷாப்புக்குள் மட்டும் எண்ணினால் இன்னொரு பிழையும் வரும்: கை மோசமானவர்கள் ஏற்கெனவே நின்றுவிட்டார்கள், உள்ளே இருப்பவர்கள் தாங்கினவர்கள். அவர்களை மட்டும் எண்ணிவிட்டு ‘பாதிப்பு குறைவு’ என்று எழுதினால் அது நோயை எண்ணிய கணக்காகாது. தெருவுக்குப் போங்கள், கடந்த சில வருடங்களில் நின்றவர்களைத் தேடுங்கள், ஏன் நின்றார்கள் என்று கேளுங்கள்.

ஒட்டுச் சோதனை

இதை ஷாப்பில் செய்யக் கூடாது. தோல் மருத்துவப் பிரிவு உள்ள மருத்துவமனையோடு சேர்ந்து, பயிற்சி பெற்றவர் முன்னிலையில், எழுத்துமூல ஒப்புதலோடு செய்வது.

இந்தியாவுக்கென வகுத்த, ஒவ்வாமை தரும் பொருள்களின் நிலையான வரிசையை வைத்துக்கொள்ளுங்கள். குரோமுக்கு வாசலினில் 0.5 சதவீதம் பொட்டாசியம் டைகுரோமேட். 8 மில்லிமீட்டர் கிண்ணத்தில் சுமார் 20 மில்லிகிராம். கூடினால் வழிந்து பக்கத்துப் பொருளோடு கலக்கும், குறைந்தால் பொய் எதிர்மறை வரும். மேல்முதுகில், தண்டுவடத்துக்கு இருபக்கமும் ஒட்டுங்கள். முதுகில் ஒரு வாரமாக ஸ்டீராய்டு களிம்பு பூசியிருக்கக் கூடாது, எக்சிமா உடம்பெங்கும் கொதித்துக்கொண்டிருக்கும் வேளையிலும் கூடாது. மாத்திரையாக ஸ்டீராய்டு எடுப்பவரா என்று இரண்டு முறை கேளுங்கள். ‘ஊசி போட்டா சரியாயிடும்’ என்று போட்டுக்கொண்டதும் அதில் சேரும்.

திங்கள் ஒட்டி, புதன் எடுத்து, வெள்ளி மறுபடி பார்ப்பது வசதி. 48 மணி நேரத்தில் எடுத்ததும் உடனே படிக்காதீர்கள், அரைமணி விடுங்கள், அழுத்திய தடம் மறையட்டும். 96 மணி நேரப் பார்வைதான் முக்கியம். ஒவ்வாமை நாளாக ஆக ஏறும், வெறும் எரிச்சல் இறங்கும். 0.5 சதவீத டைகுரோமேட் எரிச்சலின் விளிம்பில் நிற்கும் அளவு. மயிர்க்காலைச் சுற்றிச் சின்னச் சீழ்ப்பொட்டாக வந்தால், அல்லது ஒற்றைக் கூட்டல் குறி (பலவீனமான நேர்மறை) சந்தேகமாக இருந்தால், 0.25 சதவீதத்தில் திரும்ப ஒட்டிப் பாருங்கள். அவர் தொடும் தோலிலும் கையுறையிலும் ஒரு துண்டு வெட்டி, உப்புநீரில் நனைத்து அப்படியே ஒட்டலாம். சுண்ணாம்பு, சல்ஃபைடு, அமிலம், பெயர் தெரியாத ட்ரம் தண்ணீர் ஆகியவற்றை ஒருபோதும் முதுகில் வைக்காதீர்கள். அது சோதனையே அல்ல, சூடு போடுவது.

இங்கே அதிகம் கெடுவது வியர்வையால். கத்திரி வெயிலில் ஒட்டு எதுவும் நிற்காது. நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் வையுங்கள். ஐந்து நாளும் மூட்டை தூக்காத, நனையாத வேலையில் அவரை வைக்க ஷாப்போடு முன்பே பேசுங்கள். முடியாதென்றால் அந்த நாட்களின் கூலியை ஆய்வுச் செலவில் எழுதுங்கள். கூலி போகும் என்றால் புதன்கிழமை யாரும் வர மாட்டார்கள்.

பொருளில் குரோமைத் தேடுவது

டைஃபீனைல்கார்பசைடு கரைசல் ஆறு இணைதிறன் குரோமியத்தோடு சேர்ந்தால் அமிலச் சூழலில் ஊதாவாகும். கருவிப் பிடி, கையுறை உட்பக்கம், ஷேவிங் தூசு ஆகியவற்றைப் பஞ்சால் ஒற்றிப் பார்க்கலாம். கரைசல் பழுப்பாகிவிட்டால் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள். மூன்று இணைதிறன் குரோமுக்கு இது நிறம் காட்டாது. ஆகவே ஊதா வரவில்லை என்பதை ‘குரோமே இல்லை’ என்று வாசித்துவிடாதீர்கள்.

மூன்று இணைதிறன் குரோமியம் ஆறு இணைதிறனாக மாறுவது கிடங்கிலும் நடக்கும். வெப்பம், வெயில், கார நிலை, எண்ணெயேற்றத்தில் போடும் நிறைவுறாக் கொழுப்பு எல்லாம் அதற்குத் துணைபோகும். சருமம் படும் தோல் பொருளில் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல் விதித்திருப்பதால் ஏற்றுமதி ஷாப்புகள் இதை நன்றாகவே அறியும். தாவரப் பட்டைச் சாறால் மறுபதனிடுவது இந்த மாற்றத்தைக் குறைக்கிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட ஊருக்கு இதை வெளியூர்க்காரர் சொல்லித் தரவேண்டியதில்லை. ஷிப்மெண்டுக்குச் செய்யும் அதே சோதனையைத் தொழிலாளியின் கையுறைக்கும் செய்யுங்கள் என்று கேட்டுப் பாருங்கள், பலர் ஒத்துக்கொள்வார்கள்.

என்ன மாற்றச் சொல்வது

குரோம் தோலில் தைத்த கையுறையை ஈர வேலைக்குக் கொடுக்காதீர்கள். வியர்வை அதிலிருக்கும் குரோமைக் கரைத்துக் கைக்கே தரும். சுண்ணாம்பு, பிக்கிள், குரோம் ட்ரம்முக்கு முழங்கை நோக்கி ஏறும் நைட்ரைல் கையுறை, உள்ளே மெல்லிய பருத்தி உறை. விளிம்பை வெளிப்புறம் மடித்துவிட்டால் கையைத் தூக்கும்போது வடியும் நீர் உள்ளே போகாது. பருத்தி உறையை இரண்டு மணிக்கொருமுறை மாற்ற வேண்டும், ஆளுக்கு நாலு ஜோடி. காலையில் கையுறைக்குள் காற்றடைத்துச் சுருட்டி அழுத்துங்கள், சீறினால் ஓட்டை. ஃபினிஷிங்கில் டைமெத்தில் ஃபார்மமைடு என்ற கரைப்பான் இருந்தால் நைட்ரைல் தாங்காது, பியூட்டைல் ரப்பர் வேண்டும். ரப்பர் கையுறையை மாட்டிய பிறகு மணிக்கட்டில் கோடு போட்டதுபோல் அரித்தால், அதில் சேர்க்கும் தையூராம் வகைப் பொருளுக்கு ஒட்டுச் சோதனை செய்யுங்கள்.

கழுவும் இடத்தில் பவுடர் வாளியை எடுத்துவிட்டு வாசனையில்லாத நீர்ம சோப்பும் ஓடும் தண்ணீரும் வையுங்கள். தூளாகப் பட்ட சுண்ணாம்பைத் தண்ணீர் விடும் முன் உலர்ந்த துணியால் தட்டிவிடணும், பிறகு 20 நிமிடம் ஓடும் நீர். வெள்ளை வாசலினை வேலைக்கு முன்பும் சாப்பாட்டுக்குப் பிறகும் படுக்கும் முன்பும் தடவலாம். படுக்கும் முன் தடவுவதுதான் அதிகம் பலன் தரும், அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். கை காக்கும் க்ரீம் என்று விற்பது எதையும் கையுறைக்குப் பதிலாகக் கொடுக்காதீர்கள்.

குரோம் ஒவ்வாமை உறுதியானவரிடம் ‘வேலையை விட்டால் சரியாகிவிடும்’ என்று சொல்லாதீர்கள். உடம்பு அதை மறப்பதில்லை. வேலையை விட்டும் பலருக்கு வருடக்கணக்கில் தொடர்கிறது. காலில் போடும் தோல் செருப்பின் வாரே புறங்காலில் வாரின் வடிவத்தில் எக்சிமாவைக் கிளப்பும். செருப்பு, பெல்ட், கடிகார வார், வீட்டுக் கொத்து வேலை நாலையும் தவிர்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். முதலில் கேட்க வேண்டியது ஷாப்புக்குள்ளேயே உலர் பிரிவுக்கு மாற்றம்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை குரோம் புண்ணையும் ரசாயனம் நேரடியாகப் பட்டு வரும் தொடுஅழற்சியையும் அறிவிக்க வேண்டிய நோய்களில் வைத்தது. எனவே சீட்டில் ‘அலர்ஜி’ என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காமல் பொருள், பிரிவு, எத்தனை வருடம் என்று மருத்துவரை எழுதச் சொல்லுங்கள். இ.எஸ்.ஐ.யில் அந்த மூன்று விவரமும் கேட்கப்படும்.

மூன்று மாதம் கழித்து அதே ஆட்களை, அதே பரிசோதகர், அதே வெளிச்சத்தில், மறுபடி மதிப்பெண் போட்டுப் பாருங்கள். முதல் தடவை மழைக்காலம், இரண்டாம் தடவை கோடை என்றால் கணக்கு ஒப்பிடத்தக்கதாக இருக்காது; ஒரு வருடம் கழித்து இன்னொரு தடவை போக வேண்டியிருக்கும். முடிவை முதலாளிக்குப் பிரிவுவாரியாக மட்டும் கொடுங்கள், பெயர் வேண்டாம். ஆளுக்கு ஆள் முடிவை அவரவர் கையில் கொடுங்கள், வீட்டில் படித்துச் சொல்லும் பிள்ளைக்குப் புரிகிற தமிழில்.